விண்வீழ்கொள்ளி: ஒரு பெயரின் வரலாறு

பங்குனி மாதத்தின் முற்பாதியில் ஓர் இரவு. நடுச்சாமம், நல்ல இருள். உச்சியில் நின்ற உத்திரம் சாயத் தொடங்கியிருக்கிறது. அதற்கு எதிர்ப்புறம் மூலம் எழுகிறது. மேற்கே மிருகசீரிடம் மறைகிறது. அந்த வேளையில் வானத்திலிருந்து ஒன்று தீயைச் சிதறியபடி விழுகிறது. நேர் கிழக்கும் இல்லாமல் நேர் வடக்கும் இல்லாமல் இடைப்பட்ட திசையில் அது போகிறது. கடல் சூழ்ந்த நிலத்துக்கே விளக்குப் பிடித்ததுபோல வெளிச்சம். பார்த்தவர் கூடலூர் கிழார் என்னும் புலவர். புறநானூற்றின் 229ஆம் பாட்டில் அவர் இதைச் சொல்கிறார். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர மன்னனுக்கு ஏதும் நேர்ந்துவிடக் கூடாதே என்று அவரும் அவரைப் போன்ற இரவலரும் நெஞ்சு பதைத்தார்கள். ஏழாம் நாள் அரசன் இறந்தான்.

அரசனின் சாவையும் வானத்து ஒளியையும் இன்று நாம் முடிச்சுப் போடுவதில்லை. ஆனால் புலவர் கண்டது இன்னதென்று அடையாளம் காண்பதில் எந்தத் தடையும் இல்லை. வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாக, அதாவது ஒளியளவில் -4ஐத் தாண்டி எரிந்து செல்லும் விண்துகளை வானியலார் தனியாக வகைப்படுத்துகிறார்கள். நிலம் முழுவதும் ஒளிரும்படி, எரிதுண்டுகள் சிதறும்படி வந்தது அந்த வகையைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும். இன்று தமிழ் நாளிதழ்கள் இதை ஒருநாள் எரிநட்சத்திரம் என்கின்றன. மறுநாள் எரிகல், அடுத்த நாள் தீப்பந்து. தமிழுக்கு இதற்கென்று ஒரு பழைய பெயர் உண்டு. அது நிகண்டு மரபில் வாழ்ந்து அகராதிக்குள் ஒதுங்கிவிட்டது: விண்வீழ்கொள்ளி. அந்தப் பெயர் எப்படிப் பிறந்தது, எவற்றோடு பழகியது, ஏன் ஒதுங்கியது என்பதையே இந்தக் கட்டுரை தேடுகிறது. அதை மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மீன் விழுந்தது

கூடலூர் கிழார் தாம் கண்டதற்குத் தனிப்பெயர் எதுவும் சூட்டவில்லை. மீன் ஒன்று விழுந்தது என்றே சொல்கிறார். மின்னுவது மீன் என்பது சொல்லறிஞர் பலரும் ஏற்கும் விளக்கம். பழந்தமிழர் வானத்தில் மின்னிய அனைத்தையும் மீன் என்றார்கள். அவற்றுள் வேறுபாடு காட்ட முன்னால் ஓர் அடைமொழியைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு நாளுக்கும் உரியது நாள்மீன். இடம்பெயர்ந்து செல்வது கோள்மீன். வாலை நீட்டி நாள்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் நிற்பதற்குப் புகைக்கொடி என்ற அழகான பெயர் சிலப்பதிகாரத்தில் வருகிறது. நின்றது, நகர்ந்தது, புகைந்தது எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. ஒரு சில நொடிகளில் தோன்றி மறைவதற்குப் பெயர் வைப்பதுதான் கடினம்.

மீன் விழுந்தது என்ற பேச்சு இன்றைக்கும் நட்சத்திரம் விழுந்தது என்று தொடர்கிறது. உண்மையில் விழுவது நட்சத்திரம் இல்லை. விழுந்த பிறகும் வானத்து மீன்களில் ஒன்றும் குறைவதில்லை. சூரியனைச் சுற்றிவரும் தூசும் கல்லும் பூமியின் பாதையில் குறுக்கிடும்போது நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைகின்றன. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில் அவற்றின் முன்னால் அகப்பட்ட காற்று நொடிப்பொழுதில் நசுங்கிக் கொதிக்கிறது. அந்த வெப்பத்தில் கல்லின் மேற்பரப்பு உருகி ஆவியாகி ஒளிர்கிறது. வழக்கமாக நாம் காணும் மெல்லிய ஒளிக்கோடுகளை உண்டாக்குபவை மணல் பருக்கை அளவே ஆனவை. நிலத்துக்கு விளக்குப் பிடிப்பவை அவற்றைவிடப் பெரியவை. கல்லில் மக்னீசியம் இருந்தால் பச்சை கலந்த நீலம் தெரியும். சோடியம் மஞ்சள் ஒளி தரும். சூடேறிய காற்றே சிவப்பாகவும் ஒளிரும்.

கூடலூர் கிழாருக்கு இவை தெரிய வாய்ப்பில்லை. ஆனால் ஒரு சாட்சி செய்ய வேண்டியதை அவர் முழுமையாகச் செய்திருக்கிறார். மாதத்தைச் சொன்னார். பொழுதைச் சொன்னார். உச்சியில், கிழக்கில், மேற்கில் எந்தெந்த நாள்மீன் நின்றது என்று மூன்று இடங்களில் வானத்தைக் கட்டி நிறுத்தினார். விழுந்த திசையைச் சொன்னார். ஒளியின் அளவையும் சிதறிய விதத்தையும் சொன்னார். பழைய உரையாசிரியரும் உ. வே. சாமிநாதையரின் 1894ஆம் ஆண்டுப் பதிப்பும் இல்லாமல் இருந்தால் இந்தச் சாட்சியம் நம் கைக்கு வந்திருக்காது.

உற்கை வந்தது

இந்த ஒளிக்குத் தனிப்பெயராகத் தமிழுக்குள் வந்த முதற் சொற்களில் ஒன்று உற்கை. வடமொழியின் உல்கா என்பதே தமிழ் ஒலிமரபுக்கு இசைந்து இப்படி ஆயிற்று. லகர மெய்யும் ககரமும் சேர்ந்தால் லகரம் றகரமாகும். கல்லும் கள் விகுதியும் சேர்ந்து கற்கள் ஆவதுபோல. மரவுரியைக் குறிக்கும் வல்கலம் தமிழில் வற்கலை ஆனதும் இதே வழியில்தான். வடமொழியின் ஆகார ஈறு தமிழில் ஐகாரமாகும். மாலா மாலையாயிற்று, சாலா சாலையாயிற்று. இரண்டு விதிகளும் சேர உல்கா உற்கையாயிற்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இந்தியிலும் மராத்தியிலும் இந்தச் சொல் இன்றும் உயிரோடு வழங்குகிறது.

உல்கா மிகப் பழைய சொல். இருக்கு வேதத்திலேயே வருகிறது. அங்கும் அதற்கு இரண்டு முகம்: எரியும் சுடர் என்பது ஒன்று, வானத்திலிருந்து விழும் நெருப்பு என்பது மற்றொன்று. கையில் பிடிக்கும் தீயையும் வானத்தில் ஓடும் தீயையும் ஒரே சொல் குறித்தது.

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் 33ஆம் அத்தியாயம் முழுவதையும் உல்காவுக்கு ஒதுக்கினார். அதில் அவர் ஐந்து வகை சொல்கிறார்: திஷ்ண்யா, உல்கா, அசனி, வித்யுத், தாரா. தாரா என்பது தாமரை நூல்போல மெலிந்து செல்வது. திஷ்ண்யா சிறிய வாலோடு தணல்போல் ஒளிர்வது. உல்கா அகன்ற தலையும் மெலிந்த வாலும் கொண்டு விழ விழப் பெருகுவது. அசனி பேரொலியோடு சுழன்று வந்து நிலத்தைப் பிளப்பது. வித்யுத் வளைந்து நெளிந்து ஒலியெழுப்பிக்கொண்டு பாய்வது. சோதிடப் பலன் சொல்வதற்காகத்தான் அவர் இவற்றைப் பிரித்தார். இருந்தாலும் பிரிப்பதற்கு உற்றுப் பார்த்த கண்கள் வேண்டும். நூல்போன்ற ஒளியையும் தலை பெருத்த ஒளியையும் வேறு வேறாகக் கண்டவர்கள், இன்றைய வானியலார் காட்டும் ஒளியளவு வேறுபாட்டைத் தம் வழியில் கண்டவர்களே. இந்த ஐந்தில் அசனி தமிழுக்கு வந்து இடியைக் குறிக்கும் சொல்லாக நிலைத்தது.

மேலுலகில் நல்வினைப் பயனை அனுபவித்து முடித்துக் கீழே விழுகின்றவர்களின் உருவமே உல்கா என்றும் அவர் எழுதுகிறார். ஒரு மீன் விழுந்தால் எங்கோ ஒரு பெரிய உயிர் பிரிந்தது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதற்கு இது பக்கத்தில் வந்து நிற்கிறது. கூடலூர் கிழாரின் அச்சமும் இதே நிலத்தில் வேர்கொண்டதுதான்.

தமிழில் உற்கையோடு இன்னொரு சொல்லும் அடிக்கடி கலந்துவிடுகிறது. உற்பாதம் என்பது வரப்போகும் கேட்டுக்கு முன்னறிகுறி. உற்கை விழுவதை உற்காபாதம் என்பர். ஒலி ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றென்று எண்ணத் தோன்றும். பிறப்பால் இரண்டும் வேறு. ஆனால் இந்த ஒலி நெருக்கம் உற்கையின் மேல் கெட்ட சகுனத்தின் நிழலை மேலும் அடர்த்தியாக்கியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கொள்ளி என்ற சொல்

உற்கைக்கு நிகண்டு மரபு தந்த தமிழ் விளக்கமே விண்வீழ்கொள்ளி. விண்ணிலிருந்து வீழ்கின்ற கொள்ளி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வரை இந்தச் சொல் வந்து சேர்ந்திருக்கிறது. விண், வீழ், கொள்ளி: மூன்றும் பிள்ளைகளுக்கும் புரியும் சொற்கள். எங்கிருந்து வருகிறது, என்ன செய்கிறது, எப்படி இருக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் அந்த ஒரே பெயரில் விடை இருக்கிறது.

கொள்ளி என்பது ஒரு முனையில் எரிகின்ற விறகு. கொளுத்து என்பதும் கொள்ளி என்பதும் ஒரே குடும்பம். திராவிடச் சொற்பிறப்பு ஆய்வும் இவற்றைச் சேர்த்தே வைக்கிறது. கன்னடத்திலும் கொள்ளி என்றால் எரிகட்டையே. முனை மட்டும் எரிவது கடைக்கொள்ளி, பாதி எரிந்து நின்றது குறைக்கொள்ளி. அடுப்பில் சோற்றை ஆக்கியதும் காட்டில் விலங்கை விரட்டியதும் இருட்டில் வழி காட்டியதும் கொள்ளிதான். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்ற பழமொழி இன்றைக்கும் வாய்க்கு வாய் புழங்குகிறது.

வானத்து ஒளியைக் கொள்ளியோடு சேர்த்தது நிகண்டுக்காரர்களின் புதுக் கற்பனையா? அவர்களுக்கு வெகுகாலம் முன்பே நற்றிணையின் 393ஆம் பாட்டு இந்த உறவைக் கண்டுவிட்டது. மலைச்சாரலில் ஒரு பெண்யானை கன்று ஈன்று தளர்ந்து கிடக்கிறது. அதற்காக ஆண்யானை தினைக்கதிரைக் கவர வருகிறது. தினைப்புனம் காக்கும் கானவன் விரைந்து செல்லும் கொள்ளியை எறிகிறான். பாட்டில் அதற்குப் பெயர் ஞெகிழி. மூங்கில் அடர்ந்த மலைப்பக்கம் ஒளிர மின்னிக்கொண்டு அது செல்வது, தன் நிலையிலிருந்து பெயர்ந்து வரும் மீனைப்போலத் தோன்றுகிறதாம்.

எறிந்த கொள்ளியைப் பார்த்தால் விழும் மீன் நினைவுக்கு வந்தது அந்தப் புலவருக்கு. விழும் மீனைப் பார்த்தால் எறிந்த கொள்ளி நினைவுக்கு வந்தது பெயர் வைத்தவர்களுக்கு. கையால் எறிந்த கொள்ளி முன்பக்கம் பளிச்சென்று எரியும். பின்னால் பொறிகள் உதிரும். காற்றை எதிர்த்துச் செல்வதால் தீ பின்னோக்கிச் சாயும். சில நொடிகளில் அணையும். தரையில் கிடப்பது கரிந்த கட்டைதான். வானத்து ஒளியிலும் இதே வரிசை. முன்பக்கம் ஒளிரும், பின்னால் துண்டுகள் உதிரும், வால் நீளும், கீழே வருவதற்குள் ஒளி அணைந்துவிடும், சிலவேளை நிலத்தில் கருகிய மேலோடு கொண்ட கல் கிடக்கும். தினைக்காவல் பரணிலிருந்து இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் இருவகைத் தீயையும் பார்த்தவர்கள். பெயர் அவர்கள் கண்ணிலிருந்து வந்தது.

இந்த உறவு மலையாளத்தில் அறுபடவே இல்லை. அங்கே எரிந்து விழும் மீனுக்குப் பேச்சிலும் எழுத்திலும் வழங்கும் சொல் கொள்ளிமீன். பழந்தமிழின் மீனும் நிகண்டின் கொள்ளியும் சேர்ந்து ஒரே சொல்லானது அது. கேரளத்தில் குழந்தைகள் வானத்தைப் பார்த்துச் சொல்லும் சொல்லைத் தமிழ்நாட்டில் நாம் அகராதியில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பிற மொழிகள் கண்டது

எறியப்பட்ட நெருப்பு என்ற எண்ணம் தமிழுக்கு மட்டும் உரியது இல்லை. கிரேக்கத்தில் எறிபொருளைக் குறித்த போலிஸ் என்ற சொல்லிலிருந்துதான் ஐரோப்பிய மொழிகள் போலைடு என்ற பெயரைப் பெற்றன. வெடித்துச் சிதறும் பேரொளிக்கு அறிவியலில் இன்றும் அந்தப் பெயர் வழங்குகிறது. பொதுப்பெயரான மீட்டியர், உயரத்தில் தொங்குவது என்ற பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மேல்வானின் வறண்ட ஆவி தீப்பற்றுவதே இது என்று அரிஸ்டாட்டில் கருதினார். மழை, காற்று, இடி ஆகியவற்றோடு சேர்த்தே அவர் இதை விளக்கினார். அதனால்தான் ஆங்கிலத்தில் வானிலை ஆய்வுத் துறை மீட்டியராலஜி என்று இன்றும் அதன் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. வராகமிகிரர் இடியையும் மின்னலையும் உல்காவோடு ஒரே குடும்பத்தில் வைத்ததும் இதே போன்ற எண்ணம்தான்.

சீனத்தில் பேரொலியோடு விழும் ஒளியைத் தியான்கோ, அதாவது வானத்து நாய் என்றார்கள். சிமா சியான் எழுதிய வரலாற்று நூலில் அந்தப் பெயர் வருகிறது. ஜப்பானில் கி.பி. 637ஆம் ஆண்டில் ஒரு பெரிய மீன் கிழக்கிலிருந்து மேற்காக இடிமுழக்கத்தோடு ஓடியபோது, இது விழும் மீன் இல்லை, வானத்து நாய், அதன் குரைப்பே இடிபோல ஒலிக்கிறது என்று மின் என்ற துறவி சொன்னதாக நிஹோன் ஷோகி என்னும் பழைய வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. அந்தச் சொல்லையே ஜப்பானியர் தெங்கு என்று படிக்கிறார்கள். காலப்போக்கில் அது வானத்தை விட்டு இறங்கி, மலைக்காட்டில் வாழும் சிறகுள்ள, நீண்ட மூக்குள்ள பூதத்தின் பெயராகிவிட்டது. ஒளிக்குப் பிறந்த பெயர் ஒளியை மறந்து பூதத்தோடு போய்விட்டது.

தமிழ்க் கொள்ளிக்கும் இப்படி ஒரு பேய் உறவு உண்டு. சதுப்பு நிலத்தில் இரவில் மினுங்கும் ஒளியைக் கொள்ளிவாய்ப் பேய் என்கிறோம். கன்னடத்தில் கொள்ளி தெவ்வ. தெலுங்கில் எரிகட்டைக்குக் கொரிவி என்று பெயர். அங்கே பேயும் கொரிவி தெய்யம். இருட்டில் திடீரென்று தோன்றும் நெருப்பு தென்னாடு முழுவதும் இப்படித்தான் பெயர் பெற்றது. ஆனால் விண்வீழ்கொள்ளியில் பேய் நுழையவில்லை. கண்ணில் பட்டது மட்டுமே பெயராகியிருக்கிறது.

ஒளியும் கல்லும் ஒன்றான கதை

பெயர்கள் வெகுகாலம் ஒளியை மட்டுமே குறித்தன. வானத்து ஒளியும் வயலில் கிடந்த கல்லும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு முனை என்று அறிவியல் ஒப்புக்கொண்டது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் கிளாட்னி 1794இல் வெளியிட்ட நூலில், கண்ணால் கண்டவர்களின் பழைய வாக்குமூலங்களைத் திரட்டி, நெருப்புருண்டைகளும் வானிலிருந்து விழுந்த கற்களும் இரும்புப் பாளங்களும் பூமிக்கு வெளியிலிருந்து வந்தவை என்று வாதிட்டார். சட்டம் படித்தவர் அவர். சாட்சிகளை எப்படி எடைபோடுவது என்பது அவருக்குத் தெரியும். அப்போது பலரும் அதை நம்பவில்லை.

அடுத்த ஆண்டே, 1795இல், இலங்கையின் முல்லைத்தீவில் ஒரு கல் விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் இன்னொன்று. 1798 டிசம்பரில் காசிக்கு அருகில் இரவில் பெரிய நெருப்புருண்டை ஒன்று தெரிந்தது. இடிபோல ஒலி கேட்டது. க்ராகூட் என்ற சிற்றூரைச் சுற்றிக் கற்கள் கிடைத்தன. எட்வர்ட் ஹோவர்ட் என்ற வேதியியலார் காசிக் கல்லையும் யார்க்ஷயர்க் கல்லையும் வேறு நாட்டுக் கற்களையும் ஒன்றாக வைத்துப் பகுத்துப் பார்த்தார். 1802இல் அவர் முடிவுகள் வெளிவந்தன. வெகுதூரத்து ஊர்களில் விழுந்த கற்கள் தமக்குள் ஒத்திருந்தன. அவற்றின் இரும்பில் நிக்கல் கலந்திருந்தது. 1803 ஏப்ரலில் பிரான்சின் லேகிள் ஊரில் ஆயிரக்கணக்கான கற்கள் பட்டப்பகலில் கொட்டின. ழான் பப்தீஸ்த் பியோ ஊர் ஊராகச் சென்று மக்களைக் கேட்டு எழுதிய அறிக்கை எஞ்சிய ஐயத்தையும் போக்கியது. அந்தக் காசி மக்களின் சாட்சியம் இல்லாமல் இந்த வரலாறு முழுமை பெறாது.

விழுந்த கல்லுக்கு விழுந்த ஊரின் பெயரையோ அருகிலுள்ள இடத்தின் பெயரையோ வைப்பது அறிவியல் மரபு. 1857 பிப்ரவரியில் மதுரைச் சீமையில் விழுந்த பெரிய கல் பர்னாலி என்ற பெயரில் உலக அருங்காட்சியகங்களில் அறியப்படுகிறது. 1886இல் தென்னார்க்காட்டில் விழுந்தது நம்மியந்தல் என்று பட்டியலில் நிற்கிறது. 1865இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல் செவ்வாய்க் கோளிலிருந்து வந்தது என்று பின்னாளில் தெரியவந்தது. இன்று அந்த வகையைச் சேர்ந்த செவ்வாய்க் கற்கள் எங்கே கிடைத்தாலும் அவற்றுக்கு ஷெர்காட்டைட் என்றே பெயர். ஒரு சிற்றூரின் பெயர் இன்னொரு கோளின் கல்லுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கொள்ளி ஏன் ஒதுங்கியது

இத்தனை பொருத்தமான பெயர் தமிழ்ப் பேச்சிலிருந்து ஏன் மறைந்தது? காரணம் சுடுகாட்டில் இருக்கிறது என்பது என் கருத்து. தகப்பனுக்கு மகன் கொள்ளி வைக்கிறான். கொள்ளிக்குடம் தோளில் ஏறுகிறது. கொள்ளி போட ஒரு பிள்ளை வேண்டும் என்பது எத்தனையோ வீடுகளின் ஏக்கம். அடுப்பங்கரையில் விறகு எரிந்த காலம்வரை கொள்ளிக்கு வாழ்வின் பொருளும் சாவின் பொருளும் சம எடையில் இருந்தன. விறகடுப்பு போய் மண்ணெண்ணெயும் எரிவாயுவும் வந்த பிறகு சாவின் பொருள் மட்டுமே மிஞ்சியது. சகுனத்தால் ஏற்கெனவே அஞ்சப்பட்ட ஒன்றுக்குச் சாவுச் சடங்கின் சொல்லையே வைத்துப் பேச யாருக்கும் நா எழாது. எரிநட்சத்திரம் என்பது அந்தக் கலக்கம் இல்லாத சொல்லாக வந்து இடம் பிடித்தது.

பள்ளிப் பாடநூல்கள் ஒரு நல்ல வேலை செய்தன. விண்ணில் சுற்றிவருவது விண்கல், நிலத்தில் விழுந்து கிடைப்பது விண்வீழ்கல் என்று பிரித்தன. இடையில் எரிந்து ஒளிர்வதற்கு மட்டும் சொல் தெளிவாக அமையவில்லை. எரிநட்சத்திரம் நட்சத்திரம் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. எரிகல் என்ற சொல்லில் ஒளியும் கல்லும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எரிந்துகொண்டே கல் வந்து தரையில் மோதும் என்று படிப்பவர் எண்ணுகிறார். உண்மையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே வந்ததும் வேகம் குறைந்து ஒளி அணைந்துவிடும். எஞ்சிய கல் எரியாமல் இருட்டில்தான் கீழே வந்து விழும். தீப்பந்து என்பது ஆங்கிலச் சொல்லின் நேர்ப் பெயர்ப்பு. பெரும்பாலும் நாம் காண்பது உருண்டையாகவும் இருப்பதில்லை. தலையும் வாலும் உதிரும் பொறியுமாக நீண்டிருக்கிறது. வராகமிகிரர் கண்டதும் அதைத்தான், கானவன் எறிந்ததும் அதைத்தான்.

ஒளி எது, கல் எது என்ற தெளிவு இல்லாததால் வரும் குழப்பம் சிறிதில்லை. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்து ஒருவர் உயிரிழந்தபோது, விண்கல் விழுந்தது என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. வெளியான படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்கள், அது தரையில் நிகழ்ந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றார்கள். விண்கல் விழுந்தது என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒளியைக் கண்டவர் யார் என்பது. பெயர்கள் பிரிந்து நின்றால்தான் கேள்வியும் பிரிந்து நிற்கும்.

பெயர் ஏன் வேண்டும்

2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்து வானத்தில் ஏறக்குறைய 20 மீட்டர் அகலமுள்ள கல் ஒன்று நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரத்தில் அது வெடித்தது. சில நொடிகள் சூரியனைவிடப் பிரகாசமான ஒளி. மக்கள் என்னவென்று பார்க்கச் சன்னலுக்கு ஓடினார்கள். இரண்டு நிமிடத்துக்குமேல் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. ஏறக்குறைய 1,500 பேர் காயப்பட்டார்கள். பெரும்பாலோருக்குக் கண்ணாடிச் சில்லுகளால் வந்த காயம். செபார்குல் ஏரியின் அடியிலிருந்து 650 கிலோ எடையுள்ள துண்டு அந்த ஆண்டு அக்டோபரில் எடுக்கப்பட்டது.

ஒளி முதலில், ஒலி பிறகு, கல் கடைசியில். இந்த வரிசையை நாம் பயன்படுத்தும் பெயர்களே சொல்லிக்கொடுக்க முடியும். அதற்காகவே இப்படி ஒரு பிரிவை முன்வைக்கிறேன். மணல் பருக்கை எரிந்து மறையும் மெல்லிய கோட்டுக்கு எரிமீன் என்ற சொல் போதும். வெள்ளியைவிடப் பிரகாசமாக எரிவதற்குக் கொள்ளிமீன் என்போம். மலையாளத்து உடன்பிறப்பிடமிருந்து நம் சொத்தையே திரும்பப் பெறுகிறோம் என்று கொள்ளலாம். வெடித்துச் சிதறி முழங்கும் பேரொளிக்கு விண்வீழ்கொள்ளி என்ற முழுப்பெயர் பொருந்தும். நிலத்தில் கண்டெடுப்பது விண்வீழ்கல். நான்கு சொல்லிலும் புதிதாகப் படைத்தது ஒன்றும் இல்லை. நான்கையும் பிறர் சொல்லாமலே தமிழர் புரிந்துகொள்வார்கள்.

சாவுச் சடங்கின் நினைவு கொள்ளியில் இருக்கிறதே என்று சிலர் தயங்கலாம். தகப்பனின் கடைசி நெருப்பை மகன் கையில் தரும் சொல் இழிந்த சொல் இல்லை. அது அடுப்பிலிருந்தும் தினைப்புனத்திலிருந்தும் வந்தது. விறகின் முனையில் ஒளியாக எரிந்து கரியாக முடிவது அது. பூமியின் காற்றில் நுழைந்து எரிந்து தீரும் ஒரு பொருளுக்கு இதைவிட உண்மையான பெயர் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்று ஒருவர் கொள்ளிமீன் கண்டதாகத் தெரிவித்தால் வானியலார் கேட்பவை இவை: எத்தனை மணிக்கு, எந்த ஊரிலிருந்து, எந்தத் திசையில் தொடங்கி எந்தத் திசையில் முடிந்தது, எந்தெந்த மீன்களுக்கு அருகில் சென்றது, என்ன நிறம், துண்டானதா, எவ்வளவு நேரம் கழித்து ஒலி கேட்டது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் இத்தகைய பதில்கள் ஒன்றுகூடினால் அது வந்த பாதையைக் கணக்கிடலாம். கல் விழுந்த இடத்தைத் தேடலாம். சூரிய மண்டலத்தின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்றுகூட அறியலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கூடலூர் கிழார் அந்தப் பங்குனி இரவிலேயே விடை எழுதிவைத்தார். அவருக்கு இல்லாமல் போனது ஒரு பெயர் மட்டுமே. பின்வந்தவர்கள் அந்தப் பெயரைச் செய்து வைத்துவிட்டார்கள். சாட்சி சொல்லும் கண்ணையும் பெயர் சொல்லும் நாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய கடமை நம்முடையது. பாடநூல் எழுதுவோரும் செய்தி எழுதுவோரும் நாளையே இந்தச் சொல்லை எடுத்தாளலாம்.